அண்டாவில் முங்கிய மலை

பூவராகவன் சாரோடு ஓடிப்போனாளாம்! சொல்கிற வாய்க்கு ஒரு அளவு வேண்டாமா? அந்த மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கவே சுவரைப் பிடிப்பார். ரயில் கிளம்பப்போகிறது என்று கத்தினால்கூட, அடுத்த ரயில் எப்போது என்று கேட்டுவிட்டு பெஞ்சில் உட்காருகிற ஆள். அவர் ஒருத்தியை இழுத்துக்கொண்டு ஓடினார் என்றால், யார் யாரை இழுத்தது என்று முதலில் விசாரிக்க வேண்டும்.

இன்னொரு பேச்சும் காதில் விழுந்தது. அவள் செய்வினைக்காரியாம், தெரு சேர்ந்து விரட்டிவிட்டதாம். அதுவும் தப்பு. தெரு விரட்டவில்லை. போகாதே என்று மறித்தது, விழுந்து கும்பிட்டது. அவளுக்கு வந்த தொல்லையே அதுதான்.

வேண்டா என் வீட்டில் மூன்று வருஷம் குடியிருந்தவள். என் வீட்டு வாசல் வழியாகத்தான் போனாள். அப்போது வாசலில் நின்றவள் நான். எனக்கு எழுத்துத் தெரியாது, கண் தெரியும். சொல்கிறேன், சொல்கிறபடி எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் அழகு பண்ணாதீர்கள்.

அவளுடைய ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பம். நாலு பெண்ணுக்கு அப்புறம் ஐந்தாவதாகப் பிறந்தாள். இனிமேல் பெண் வேண்டாம் என்று சாமிக்குத் தெரியட்டும் என்றுதான் வேண்டா என்று பெயர் வைத்தார்கள். சாமிக்கு வேறு வேலை இருந்தது போல, ஆறாவதும் பெண்தான். அப்பா இருசப்பன் கட்டுமரக்காரர். அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரைக்கும் மீன் விற்றவள். இவள் ஒருத்தி மட்டும் எப்படியோ எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினாள். அதற்குமேல் படிக்கவைக்க ஆளில்லை. செங்கல்பட்டில் ஒரு காலேஜில் புவியியல் பிரிவுக்கு அட்டெண்டர் வேலை காலியாக இருந்தது. மேப்பை விரிப்பது, பாடம் முடிந்ததும் சுருட்டுவது, பூமி உருண்டையைத் துடைப்பது. அதில் சேர்ந்தாள்.

"ஆயா, காலீல ஒலகத்தத் தொடச்சிட்டுதான் நான் காப்பியே குடிக்கிறேன்" என்பாள். அந்தத் திமிர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

நான் கல்யாணம் காதுகுத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவள். அண்டா, தவலை, சாதம் வடிக்கிற தட்டு, எல்லாம் உண்டு. மற்றவர்கள் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருக்கும். என்னுடையதில் மூன்று புள்ளி அடித்திருக்கும். பாத்திரம் போட்டிருந்த பக்கவாட்டு அறையைக் காலிபண்ணி அவளுக்குக் கொடுத்தேன். ஒரே மாதத்தில் அந்த அறையைப் பார்க்க வேண்டுமே! சுவரோரம் வரிசையாக ஹார்லிக்ஸ் புட்டிகள். ஊறுகாய் போட்டு விற்கிறாள் என்று நினைத்துத் திறந்து பார்த்தேன். அத்தனையும் மண். மாமல்லபுரத்து வெள்ளை மணல், அதே கடற்கரையில் வேறொரு இடத்தில் அள்ளிய கறுப்பு மணல், ஏரிக் களிமண், கேளம்பாக்கம் உப்பளத்துச் சேறு, கல்குவாரிச் சில்லு.

"இன்னாடி இது? மண்ணெல்லாம் புட்டியில போட்டு வெச்சிட்டா நெலத்துல இன்னாடி இருக்கும்?"

"காலேஜ் பசங்களுக்கு ஆயா. பொஸ்தகத்துல மண்ணு வகை பன்னெண்டுன்னு போட்டிருக்கு. ஒண்ணக்கூட அதுங்க தொட்டதில்ல. மனப்பாடம் பண்ணிகினு கீதுங்க."

மண் மட்டுமில்லை. டீக்கடையில் பழைய பேப்பர் வாங்கி, மழைக் கணக்கு, வெயில் கணக்கு வருகிற துண்டை மட்டும் வெட்டி, நாள் வரிசையாக ஒட்டிவைத்திருந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏரிகளுக்கும் பாலாற்றுக்கும் படம் போட்டிருந்தாள். புவியியல் வாத்தியார் பூவராகவன் சார் வகுப்பில் சொல்வதை வாசலில் நின்று கேட்டு, வீட்டுக்கு வந்து தன் பாஷையில் எழுதிவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள். கடைசி வருஷம் பி.ஏ. படிக்கிற எட்டுப் பேர். ஆறு பையன், ரெண்டு பெண். எல்லாம் குப்பத்துப் பிள்ளைகள், உப்பளத்துப் பிள்ளைகள், ஏர் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள். புத்தகம் வாங்க வக்கில்லாததுகள். வேண்டா எல்லாவற்றையும் சும்மா கொடுப்பாள். ஒரே ஒரு சட்டம்தான்.

"எத்த எடுத்துகினு போறியோ, அத்த ஒருவாட்டி கையால எழுதி, அந்தக் காப்பிய இங்க வெச்சிட்டுப் போவணும்."

எனக்கு இது புரியவே ஆறு மாதம் ஆயிற்று. ஒன்று போனால் இரண்டாக வந்தது. கொடுக்கக் கொடுக்கப் பெருகுகிற சரக்கை நான் அங்கேதான் பார்த்தேன். என் பாத்திரங்களோ ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு கரண்டி குறைந்துதான் திரும்பி வரும்.

"ஒரு வாடகை போடேன்டி" என்றேன் ஒருநாள்.

"இது கரண்டி இல்ல ஆயா. ஒருத்தன் எடுத்தா இன்னொருத்தனுக்குக் கொறையாது."

பக்கத்து வீட்டு வசந்தாவுக்கு இதெல்லாம் ஆகவில்லை. அவள் வீட்டுச் சன்னல் என் கொல்லைப்புறத்தைப் பார்த்தபடி இருக்கும். சன்னல் கட்டினது காற்றுக்கா வசந்தாவுக்கா என்று கொத்தனாரைத்தான் கேட்க வேண்டும். "ஆம்பளப் பசங்க வராங்க, பொம்பளப் பசங்க வராங்க, மண்ணத் தொட்டுத் தொட்டுப் பேசிக்கிறாங்க" என்று குழாயடியில் சொல்லிக்கொண்டிருந்தாள். மண்ணைத் தொட்டுப் பேசினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன். குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சரி, கதைக்கு வருகிறேன். காலேஜில் மேப்பு, அட்லாஸ், மலை ஆறெல்லாம் போட்ட பெரிய தாள்கள் எல்லாம் உண்டு. பீரோவில். பூட்டி. பூவராகவன் சார் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய பொருள் கிழிந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே கிழியாமல் வைத்திருந்தார். யாரும் தொடாத வரைக்கும் எதுவும் கிழியாது, இல்லையா?

பரீட்சையில் செய்முறை என்று ஒன்று வரும். ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் வளையத்துக்குள் வளையமாகக் கோடுகள். சம உயரக் கோடு என்று பெயர். அதைப் பார்த்து, அந்த மலை பக்கவாட்டில் எப்படி இருக்கும் என்று படம் போட வேண்டும். முந்தின வருஷம் நாலு பேர் அதில்தான் விழுந்தார்கள். இந்த எட்டுப் பேரும் விழப்போகிறார்கள் என்று வேண்டாவுக்கு பயம். விழுந்தால் அவ்வளவுதான். பையன்கள் உப்பளத்துக்கும் கடலுக்கும் திரும்பிப் போவார்கள், பெண்களுக்குத் தாலி கட்டிவிடுவார்கள். இன்னொரு வருஷம் படிக்கவைக்க எந்த வீட்டிலும் தெம்பில்லை.

கேளம்பாக்கத்துப் பையன் பன்னீர்செல்வம் என் கண்ணெதிரே அழுதான். "யக்கா, எனக்கு இது மண்புழு நெளியற மாதிரிதான் தெரியுது. மலையா தெரியல."

அன்றைக்கே அவள் மலை செய்ய ஆரம்பித்தாள்.

எந்த மலை? திருக்கழுக்குன்றம்தான். அந்த எட்டுப் பேரும் படி ஏறிய மலை, பஸ்ஸில் போகும்போது தினம் பார்க்கிற மலை. அம்மாவுடைய பழைய மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு, ஏரிக் களிமண்ணைக் குழைத்து அதன்மேல் அப்பினாள். விடுமுறை நாளில் மலையைச் சுற்றிச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு வந்து, இங்கே கொஞ்சம் வழித்தாள், அங்கே கொஞ்சம் சேர்த்தாள். காய்வதற்கு இருபது நாள். அதற்கப்புறம் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினாள். படகில் தண்ணீர் ஏறாமல் இடுக்கில் பூசுவார்களே, அதே வித்தை.

எல்லாம் முடித்துவிட்டு என்னிடம் வந்து நின்றாள்.

"ஆயா, பெரிய அண்டா வேணும்."

"எத்துக்கு?"

"மலைய முக்கறதுக்கு."

தரமாட்டேன் என்றேன். அது ஐந்நூறு பேருக்குச் சாம்பார் வைக்கிற அண்டா. அதுவும் இல்லாமல் அந்த வருஷம் குடிக்கவே தண்ணீர் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தன. மாசியிலேயே கொளவாய் ஏரிக் கரையோரம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சிவன் கோவிலில் நந்தியைச் சுற்றித் தொட்டி கட்டி, மழைக்காகக் கழுத்துவரை தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். நாங்கள் குழாயடியில் அடித்துக்கொண்டிருந்தோம், நந்தி குளித்துக்கொண்டிருந்தது. மழையைத்தான் காணோம்.

"தண்ணி வீணாவாது ஆயா. முக்கிட்டு அப்பிடியே கொடத்துல ஊத்திடறேன். பாத்திரம் தேச்சிக்கோ."

மூன்று நாள் மாட்டேன் என்றேன். நாலாம் நாள் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள், எனக்கு இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்டாவுக்குள் மலை. ஒரு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் மலையைத் தொடுகிற இடத்தில், குங்குமத்தை எண்ணெயில் குழைத்து ஒரு கோடு. இன்னொரு விரற்கடை ஊற்றி இன்னொரு கோடு. இப்படியே உச்சி முங்குகிற வரைக்கும். பிறகு தண்ணீரை எல்லாம் மொண்டு வெளியே எடுத்தாள். மலைமேல் பன்னிரண்டு சிவப்பு வளையம். செத்துப்போன என் வீட்டுக்காரர் படத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி — என்னைக் கேட்டுத்தான் — அண்டா வாய்மேல் வைத்தாள். மேலேயிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்து, தெரிகிற கோட்டைக் கண்ணாடியில் மையால் இழுக்கச் சொன்னாள்.

இழுத்து முடித்ததும் பன்னீர்செல்வம் கண்ணாடியைத் தூக்கி ஓரமாக வைத்தான். மலையைத் தடவினான், கண்ணாடியைப் பார்த்தான், மறுபடியும் மலையைத் தடவினான்.

"யக்கா, கோடெல்லாம் நெருங்கிகினு வர இடம் இதுதானே? படி ஏறச்சொல்ல மூச்சு வாங்குமே, அந்த இடம்!"

"ஆமான்டா."

"அப்ப இது கழுகு பாக்கற மலை யக்கா! மேலருந்து கழுகு பாத்தா இப்பிடித்தான் தெரியும்!"

எனக்கும் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எழுத்துத் தெரியாத எனக்கே அந்தக் கோடுகள் மலையாகத் தெரிந்தன. ஆனால் ஒரு தரம் பார்த்தால் போதாது, கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவிப் பழகப் பழகத்தான் தாளைக் கண்டதும் மலை எழுந்திருக்கும் என்றாள் வேண்டா. பரீட்சை வரைக்கும் தினம் சாயங்காலம் வரச் சொன்னாள்.

நடுவில் அண்டா வசந்தா வீட்டுக்குப் போயிற்று. அவள் மகளுக்குக் காதுகுத்து. சாம்பார் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அண்டா திரும்பி வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சில கோடு அழிந்திருந்ததால் வேண்டா மலையை மறுபடியும் முக்கினாள். பூச்சு விட்டுப்போன இடத்துக்குக் குங்கிலியம் காய்ச்சினாள். புகை சன்னல் வழியாக வசந்தா மூக்குக்குப் போயிற்று. புகை போன வழியே கண் திரும்பி வந்தது.

"ஐயையோ, ஓடியாங்களேன்! இந்தக் கெயவி வூட்ல இன்னா நடக்குதுன்னு பாருங்களேன்! மலையச் செஞ்சி, குங்குமத்தத் தடவி, தண்ணியில முக்கிகினு கீறாளுங்க! சாம்பிராணிப் பொக வேற! அடிப்பாவிங்களா, இந்த அண்டாவுலயா என் பொண்ணுக்கு சாம்பார் வெச்சோம்!"

தெரு கூடிவிட்டது. பிள்ளையார் கோவிலைப் பார்த்துக்கொள்கிற முனிசாமி முன்னால் வந்தான். விறகுத்தொட்டி வைத்திருக்கிறவன், என்னைவிடச் சின்னவன், ஆனால் அவன் சொல்தான் தெருவில் எடுபடும்.

"ஆதியம்மா, இன்னாது இது? நேரா சொல்லிடு. செய்வினைன்னா இந்தப் பொண்ணு இன்னிக்கே வூட்டக் காலிபண்ணணும்."

வேண்டா எழுந்தாள். "அது ஒண்ணுமில்ல நைனா. சம உயரக் கோடு…"

அந்த வார்த்தையைக் கேட்டதும் கூட்டம் ஓரடி பின்னால் போயிற்று. மந்திரம் என்று நினைத்துவிட்டார்கள். இனி இவளைப் பேசவிட்டால் வேலைக்கு ஆகாது என்று தெரிந்து, நானே வாயைத் திறந்தேன்.

"மழைக்குடா முனிசாமி! மழைக்கு! கழுக்குன்றத்து வேதகிரி மலையச் செஞ்சி தண்ணியில முக்கினா மழை வரும்னு அவுங்க குப்பத்துல வழக்கம். நீங்க நந்திய முக்கினீங்களே, வந்துதா? ஊருக்காக ஒரு பொண்ணு கஷ்டப்பட்டுகினு கீது, செய்வினையாம்!"

வேண்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் காலை மிதித்தேன்.

பொய் என்கிறீர்களா? அந்த நேரத்துக்கு அதுதான் வேண்டியிருந்தது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது. முனிசாமி போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனதை நான் கவனித்தேன். கவலைப்பட்டிருக்க வேண்டும், படவில்லை.

புதன்கிழமை மழை வந்தது.

மாசியில் மழை! இடி என்ன, மின்னல் என்ன, சாக்கடை நிரம்பித் தெருவெல்லாம் தண்ணீர். குழந்தைகளும் கிழவர்களும் நடுத்தெருவில் ஆடினார்கள். வேண்டா மட்டும் ஹார்லிக்ஸ் புட்டியில் புனலைச் சொருகி மொட்டைமாடியில் வைத்து, பெய்த மழையை அளந்துகொண்டிருந்தாள். "வங்காள விரிகுடாவுல காத்தழுத்தம் கொறஞ்சிகீது ஆயா, நேத்து பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்று ஈரப் பேப்பரைக் காட்டினாள். யார் காதில் விழும்? வாசலில் தேங்காய் உடைகிற சத்தம்.

முதல் தேங்காய் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? வசந்தா!

"வேண்டாம்மா, தெரியாம பேசிட்டேன், மனசுல வெச்சிக்காத தாயி" என்று மலைக்கு மஞ்சள் பூசினாள். பின்னாலேயே மாலை வந்தது, விபூதி வந்தது, கர்ப்பூரம் வந்தது. பன்னிரண்டு கோட்டில் பத்துக் கோடு மஞ்சளுக்குள் மறைந்துபோயிற்று. நானும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. நாலு நாள் தேங்காய்ச் சட்டினிதான். குழாயடியில் எனக்கு முதல் குடம் விட்டார்கள். மழையைக் கூட்டிவந்த வீடு என்று வெளித்தெருவிலிருந்தெல்லாம் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

வந்த வினை சாயங்காலம் தெரிந்தது. பிள்ளைகள் வந்தார்கள். வாசலில் முனிசாமி ஆள் போட்டிருந்தான். வியாழக்கிழமை, குளித்துவிட்டு வந்தால்தான் உள்ளே. வெள்ளிக்கிழமை, பெண்பிள்ளைகள் ரெண்டு பேரும் வாசலோடு நிற்க வேண்டும். சனிக்கிழமை, யாரும் தொடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேரும் மலைக்கு முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். பன்னீர்செல்வம் பழக்கதோஷத்தில் கையை நீட்டினான். வசந்தா அவன் கையிலேயே ஒரு அடி வைத்தாள்.

"சாமியப் போயி தடவறியே, அறிவில்ல?"

"யக்கா, பரீச்ச…"

"கும்புட்டுக்கோ. பாஸாயிடுவ."

அடுத்த வியாழக்கிழமை முனிசாமி முடிவாக வந்து சொல்லிவிட்டான். பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நல்ல நேரம். மலையை அங்கே கொண்டுபோய் வைத்து, சுற்றிக் கம்பி போட்டுவிடுவார்கள்.

அவன் போனதும் வேண்டா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருஷத்தில் அவள் என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான்.

"உன்ன யாரு ஆயா அப்பிடி சொல்லச் சொன்னது?"

"சொல்லலன்னா அன்னிக்கே உன்னத் தெருவுல நிக்கவெச்சிருப்பானுங்கடி."

"நின்னிருப்பேன்! மல எங்கூட நின்னிருக்கும். இப்ப நான் உள்ள கீறேன், மல போயிடுச்சி. பரீச்சைக்கு பன்னெண்டு நாளு கீது ஆயா. எட்டுப் பேருல ரெண்டு பேருக்குத்தான் இதுவரைக்கும் கைக்கு வந்துகீது."

"இன்னொண்ணு செய்யேன்."

"காயவே இருவது நாளு. காஞ்சா அதுக்கும் ஒரு மால கொண்டாருவாங்க."

"ஏன்டி, கும்புட்டுகினே கத்துக்கக் கூடாதா?"

"கும்புடற கையால எப்பிடி ஆயா தடவிப் பாக்கறது?"

 எழுந்து நேரே முனிசாமியின் விறகுத்தொட்டிக்குப் போனேன். அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். "நான் சொன்னது பொய்டா. அது பசங்க படிக்கறதுக்குச் செஞ்ச பொம்ம" என்றேன். முனிசாமி எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டான். "பாத்தீங்களா, பெரியவங்க எவ்ளோ அடக்கமா பேசறாங்க" என்றான். பொய்யை ஒரே மூச்சில் நம்பிய ஜனம், உண்மையை ஒரு வாய்கூட விழுங்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவராகவன் சார் குடையோடு வந்தார். வேண்டாதான் வரச் சொல்லியிருந்தாள். அறைக்குள் போனவர் மாலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அவ்வளவு பெரிய உடம்பை மடக்கி மண்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மலையைத் தடவினார். அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும், உச்சியிலிருந்து அடிவாரம் வரைக்கும்.

"இருபது வருஷமா கரும்பலகையில வளையம் வளையமா போட்டுட்டிருக்கேன் வேண்டா. எனக்கே இன்னைக்குத்தான் ஏறிப் பார்த்த மாதிரி இருக்கு."

"அப்ப காலேஜ்ல வெச்சிக்கலாமா சார்? பசங்க வந்து தொட்டுப் பாக்கலாம்."

சார் கண்ணாடியைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"காலேஜுக்குள்ள ஒரு பொருள் வந்தா ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏத்தணும்மா. ஏத்தினா பீரோல வைக்கணும். பீரோன்னா…"

"பூட்டணும்."

"பூட்டணும்" என்றார். பாவம், அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ஏத்தாம வெச்சா?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு வேண்டா."

வேண்டா சிரித்துவிட்டாள். கோபத்தில் வந்த சிரிப்புத்தான், ஆனாலும் சிரிப்பு. "தெருவுல கம்பி போடறாங்க, காலேஜ்ல பூட்டு போடறீங்க. நல்லா கீது சார்." சற்று யோசித்தாள். "எங்க பாப்பாக்கா வூடு கீது, கடலாண்ட. ஓலக் குடிசைதான், கதவு கூடக் கெடயாது. அங்க வெச்சிக்கிறேன். பரீச்ச முடியற மட்டும் பசங்களும் அங்கயே தங்கட்டும், மணல்ல படுத்துக்கலாம். வேலைக்கு நான் தெனம் பஸ்ஸுல வந்துட்டுப் போறேன்."

"போக ஒண்ணரை மணி, வர ஒண்ணரை மணியாச்சே?"

"ஆனா இன்னா? போற வழில அசல் மலையும் ஒருவாட்டி பாத்துக்கலாம்."

சார் குடையை மடக்கி விரித்து மடக்கினார். "ஞாயித்துக்கிழமை உன் பெட்டியை நான் தூக்கிட்டு வரேன். அதுக்கு ரிஜிஸ்டர் வேண்டாம்" என்றார். இவ்வளவுதான் அவருக்கும் அவளுக்கும் உள்ள கதை. சன்னலில் வசந்தா இருந்தாள். கடைசி வரியை மட்டும் கேட்டிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கொல்லையில் தேய்க்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். வேண்டா மலையைக் கிணற்றடியில் வைத்து, சீயக்காய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளும் விபூதியும் கரைந்து ஓடின. பாதிச் சிவப்புக் கோடும் சேர்ந்து போயிற்று. "போவட்டும். பசங்களே இன்னொருவாட்டி போட்டா இன்னும் நல்லா மனசுல நிக்கும்" என்றாள்.

எட்டு மணிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். சார் வந்தார், இட்லி சாப்பிட்டார், சுவரைப் பிடித்து எழுந்தார். புட்டிகளைச் சாக்கில் கட்டினார்கள். தாள்களையெல்லாம் மூட்டையாகக் கட்டினார்கள். நானும் கூடமாட ஒத்தாசை செய்துகொண்டிருக்கும்போதே மேளச் சத்தம் கேட்டது. பத்தரைக்கு வர வேண்டிய முனிசாமி ஒன்பதுக்கே வந்துவிட்டான், தெருவையும் கூட்டிக்கொண்டு. உள்ளே வந்து, மலை வெறும் மண்ணாக நிற்பதைப் பார்த்ததும் மேளம் நின்றுபோயிற்று.

"இன்னாம்மா பண்ணிட்ட?"

"குளிப்பாட்டினேன் நைனா. எடுத்துகினு போறேன்."

"எங்க போற? மல இங்க இருந்தாத்தானே மழ இங்க வரும்?"

"மல திருக்கழுக்குன்றத்துல கீது நைனா. பஸ் ஏறினா அரை மணி. அத்த எவனும் தூக்கிகினு போவல. இது ஏரி மண்ணு, உள்ள எங்கம்மா மீன் வித்த கூட."

மீன் கூடை என்றதும் நாலு பேர் மூக்கைத் தடவிக்கொண்டார்கள். ஆனால் நகரவில்லை. வசந்தா ஓடிவந்து அண்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"எங்க வூட்டு சாம்பார் வெச்ச அண்டாம்மா இது! அதுல முங்கின அப்புறம்தானே மழையே வந்துது! எங்களுக்கும் பங்கு கீது!"

முனிசாமி வாசற்படியில் குறுக்கே நின்றான். "ஊர் சொத்தா ஆயிடுச்சிம்மா. வுட முடியாது."

 வேண்டா துண்டைச் சுருட்டிச் சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டாள். பிள்ளைகளைப் பார்த்தாள். எட்டு முகமும் வெளிறிப்போயிருந்தன. அந்தத் தெருவோடு மல்லுக்கு நிற்க அதுகளால் முடியுமா? இத்தனைக்கும் காரணம் என் வாய்தானே, அந்த வாயையே மறுபடியும் திறந்தேன்.

"முனிசாமி, இது எவன் வூட்டு வாசல்?"

"உன் வூடுதான் ஆதியம்மா, ஆனா…"

"அடுத்த மாசம் உன் பொண்ணுக்குக் கல்யாணம். பாத்திரம் எங்கருந்து எடுக்கற?"

முனிசாமி தோள் துண்டைச் சரிபண்ணினான்.

"இந்தத் தெருவுல இனிமே எவன் வூட்டு விசேஷத்துக்கும் என் கரண்டி வராது. ஐந்நூறு பேருக்குக் கைப்பிடிச் சட்டியில சாம்பார் வெச்சிக்கோங்க. நான் சொன்னது பொய்னு அன்னிக்கே சொன்னேன், அடக்கம்னு சொன்ன. இப்ப அடக்கமில்லாம சொல்றேன். நவுரு!"

முனிசாமி மேளக்காரனைப் பார்த்தான், மேளக்காரன் வசந்தாவைப் பார்த்தான், வசந்தா அண்டாவை விட்டாள். அதை நானே எடுத்துப் பன்னீர்செல்வம் தலையில் கவிழ்த்தேன். "மூணு புள்ளி கீது, பத்திரம். வாடகை வேணாம்" என்றேன். உள்ளேயிருந்து அவன் என்னமோ சொன்னான், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்டது.

ரெண்டு பெண்பிள்ளைகளும் மலையைத் தூக்கி வேண்டா தலையில் ஏற்றினார்கள். சார் டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அப்போதே வேர்க்க ஆரம்பித்துவிட்டார். என் வீட்டு வாசல் நிலை தாழ்வு, வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டும். தலையில் மலையை வைத்துக்கொண்டு எப்படிக் குனிவது? நிலைக்கும் உச்சிக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன், மண் பெயராமல் இருக்க. வேண்டா கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மடித்தாள். "ஆதியம்மா, இன்னும் கொஞ்சம் தாழச் சொல்லு" என்று சொன்னது முனிசாமி, வாசலை மறித்த அதே முனிசாமிதான். இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தாள். என் புறங்கை நிலையில் உரசித் தோல் போயிற்று.

"ஆயா, கைய எடு. தாண்டிட்டேன்" என்றாள், வெளியிலிருந்து.